கிளெனிஸுக்குச் சமமில்லாத கிளெனிஸ்

கிளெனிஸ் ட்ரான்டர் என்பவர் கிளெனிஸ் ட்ரான்டர் அல்ல என்ற விஷயம் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தெரியவந்தது. கண்டுபிடித்தது ஒரு கணினி. அதற்கு முந்தைய அறுபத்தோரு வருஷங்களில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை. விவாகரத்து சமயத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்ன அவருடைய முன்னாள் கணவர்கூட இதைச் சொல்லவில்லை.

பிரிஸ்பேனுக்கு வடக்கே, கபூல்ச்சரைத் தாண்டி, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த விலங்குத் தனிமைக் காப்பகம். கடல் தாண்டி வரும் நாயும் பூனையும் பத்து நாள் அங்கே தனியாக இருந்து, நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். கிளெனிஸ் ஒன்பது வருஷம் வனுவாட்டுத் தீவுகளுக்கு நடுவே ஓடும் சரக்குக் கப்பல்களில் சமையற்காரி. ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு பெட்டி துணியும் ஒரு மஞ்சள் நாயும். நாயின் பெயர் லாப்லாப். வாழையிலையில் சுற்றிக் கல்லில் சுடும் லாப்லாப் என்ற கிழங்குக் களியை, இலையோடு சேர்த்து ஒரு முழு பொட்டலம் திருடித் தின்றதால் வந்த பெயர்.

அன்று பத்தாவது நாள். கிளெனிஸ் புதுக் கழுத்துப்பட்டை வாங்கி, ஐஸ் பெட்டியில் அரைக் கிலோ கொத்துக்கறி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

காப்பகத்தில் திருவிழா. கணினியில் பலூன் கட்டியிருந்தது. வாசலில் தொத்திறைச்சி சுட்டு, ரொட்டியில் வெங்காயத்தோடு வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் சரிபார்ப்புக்கான புதுக் கணினித் திட்டம் அன்று காலைதான் தொடங்கியிருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'இங்கே எல்லோரும் சமம்.'

கவுன்டரில் டேரல் பாக்கெட் உட்கார்ந்திருந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

"பேர அடிங்க கிளெனிஸ்."

அடித்தார். திரை சிவந்தது. 'சமம் அல்ல.'

டேரல் திரையைத் திருப்பிக் காட்டினார். மேல் வரியில் வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில் நாயை ஏற்றும்போது கிளெனிஸ் எழுதிக்கொடுத்த பெயர். கீழ் வரியில் இப்போது அடித்த பெயர். டேரல் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஓட்டினார். இரண்டு முறை ஓட்டினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் கிளெனிஸ்.

"பாக்க ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பாக்கறது இப்ப என் வேலை இல்லைங்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு. இப்ப மெஷின் பாக்குது."

"டேரல், என் சித்தப்பா பொண்ணுகூட பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினவன் நீ. உன் கல்யாணத்துக்கு இறால் சுட்டுப் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் யாரு?"

"எனக்குத் தெரியுது. ஆபீசுக்குத் தெரியல."

பத்தொன்பது வருஷமாக டேரல் இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஆளைப் பார்த்து, பிராணியைக் கொடுத்துவந்தார். ஒரே ஒரு முறை தவறு நேர்ந்தது. இரட்டைச் சகோதரிகளில் தங்கையின் பூனையை அக்காவிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் அக்காவே அதைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் விசாரணைக் குழு அமைந்தது, நானூறு பக்க அறிக்கை வந்தது. மனிதக் கண் நம்பத்தக்கதல்ல என்று முடிவாகி, அதற்குப் பதிலாக இந்தத் திட்டம் பிறந்தது.

லாப்லாப்பை வெளியே கொண்டுவந்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் மின்னணுச் சில்லில் ஓர் எண். கருவியை வைத்ததும் திரை பச்சையானது. 'சமம்.'

"நாய் நாய்தான். அதுல பிரச்சனையே இல்ல," என்றார் டேரல், ஒரு நல்ல செய்தியாவது சொல்ல முடிந்த திருப்தியோடு.

அதற்குள் லாப்லாப் கவுன்டரைத் தாண்டிக் குதித்து கிளெனிஸின் கையை மோந்து, முகத்தை நக்கி, வாலால் இரண்டு பலூனை உடைத்துவிட்டது.

"பாரு, அதுக்குத் தெரியுது!"

"நாயோட கருத்தப் பதிவு பண்ண கட்டம் இல்லைங்க," என்றார் டேரல் வருத்தத்தோடு. பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பதினான்காம் நாள், அதாவது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் உரிமையாளர் நிரூபணமாகாவிட்டால், பிராணி 'உரிமையாளரற்றது' ஆகும். அதன் பிறகு 'இறுதி ஏற்பாடு'.

"அப்படின்னா?"

டேரல் கூரை விசிறியைப் பார்த்தார். "டாக்டர் வருவாரு. ஒரு ஊசி. வலிக்கவே வலிக்காதுன்னு சொல்றாங்க."

"யாருக்கு?" என்றார் கிளெனிஸ்.

செவ்வாய்க்கிழமை அவரைத் துணை ஒப்புமை அதிகாரி கிளைவ் ஆர்மராடிடம் அனுப்பினார்கள். போன வாரம்வரை அவர் கூண்டுகளுக்கு வர்ணம் அடிக்கும் பிரிவைக் கவனித்தவர். புதுப் பதவிக்கு இரண்டு நாள் பயிற்சியும் ஒரு கழுத்து அட்டையும் கொடுத்திருந்தார்கள்.

கிளெனிஸ் பாஸ்போர்ட்டை வைத்தார். ஓட்டுநர் உரிமத்தை வைத்தார். பிறப்புச் சான்றிதழை வைத்தார். ஆர்மராட் மூன்றையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நீங்க நிலைமைய மோசமாக்கறீங்க கிளெனிஸ். இதுவரைக்கும் ரெண்டு கிளெனிஸ்தான் இருந்தாங்க. இப்ப அஞ்சு ஆயிட்டாங்க."

"எல்லாம் நான்தான்யா!"

"அஞ்சு பேருமே அப்படித்தான் சொல்லுவாங்க." அவர் பேனாவைத் திறந்தார். "போர்ட் விலாவுல கையெழுத்துப் போட்டவங்களுக்கும் உங்களுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா? மனசத் திறந்து சொல்லுங்க. இது பாதுகாப்பான இடம்."

"ரெண்டு கிலோ ஏறிட்டேன். ஊருக்கு வந்ததுலேர்ந்து அக்கா வீட்டுல ஒரே கேக்."

ஆர்மராட் எழுதினார்: 'தாம் முன்பு இருந்தவர் அல்ல என்பதை விண்ணப்பதாரர் ஒப்புக்கொள்கிறார்.'

புதன்கிழமைக்குள் வரிசையில் கிளெனிஸுக்குப் பின்னால் இருபத்துமூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். தாங்கள் தாங்களே என்று ஒருவராலும் நிரூபிக்க முடியவில்லை. மற்றவர்களுடைய பிராணிகளுக்கெல்லாம் அடுத்த வாரம்வரை அவகாசம் இருந்தது. லாப்லாப்புக்கு மட்டும் இரண்டு நாள்.

வரிசையில் நின்று கால் கடுத்துப்போன கிளெனிஸ், தேநீர் இடைவேளையில் ஊழியர் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். கப்பலில் முப்பது பேருக்குச் சமைத்தவருக்குச் சமையலறைக் கதவில் எழுதியிருப்பதெல்லாம் கண்ணில் படாது. உள்ளே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, தின்னாத இறைச்சி அடையை வெறித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஃபிஜிக்காரி. பெயர் மெரெசெய்னி, எல்லோரும் மெரே என்பார்கள். இந்தக் கணினித் திட்டத்தை எழுதிய குழுவில் பாதி அவள். மீதிப் பாதி போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

கிளெனிஸ் தன் கதையைச் சொன்னார். மெரே எழுந்து சுவர்க் கொக்கிகளில் தொங்கிய இரண்டு காபிக் கோப்பைகளைக் காட்டினாள். இரண்டும் காப்பகத்தின் முத்திரை போட்டவை.

"இது ரெண்டும் ஒண்ணா, ஆன்ட்டி?"

"ஒண்ணுதான். ரெண்டுமே கழுவாம இருக்கு."

"எங்க மெஷினக் கேட்டா இல்லன்னு சொல்லும். இது இந்தக் கொக்கியில, அது அந்தக் கொக்கியில. அதுமேல என்ன எழுதியிருக்குன்னு மெஷின் படிக்கறதே இல்ல. ஒரே கொக்கியில தொங்குற ஒரே கோப்பையான்னு மட்டும் பாக்குது. நீங்க போர்ட் விலாவுல எழுதின பேரு ஒரு கொக்கி. இங்க அடிச்ச பேரு வேற கொக்கி."

"இப்படி ஒரு கேள்விய எவன் கேக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றாள் மெரே சின்னக் குரலில். "நான் முன்னாடி எழுதின கணினி மொழியில ரெண்டு சமக்குறி போட்டா எழுத்தெழுத்தாப் பாத்துச் சொல்லிடும். இந்தப் புது மொழியில அதே ரெண்டு சமக்குறி போட்டா கொக்கியப் பாக்கும். எழுத்தப் பாக்கணும்னா வேற ஒரு வார்த்தை எழுதணும். பழகின கை, ஆன்ட்டி. போட்டுட்டேன்."

"சோதிச்சுப் பாக்கலையா?"

"நாலாயிரம் தடவை! எல்லாத்துலயும் பாஸ். புரூஸ் சாம்பிள்னு ஒரு பொய்ப் பேர மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை நிரலுக்குள்ளயே, மெஷினுக்கு நாங்க எழுதற கட்டளைகளுக்குள்ளயே எழுதி வெச்சோம். ஒரே பேரு நிரலுக்குள்ள ரெண்டு எடத்துல இருந்தா மெஷின் சிக்கனமா ஒரே ஒரு கோப்பைதான் மாட்டும். ரெண்டு பேரும் ஒரே கொக்கி. அதனால புரூஸ் எப்பவும் புரூஸ்தான். வெளிய இருந்து வந்து அடிக்கறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது."

கிளெனிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆக, இந்தக் கட்டடத்துல தான் யாருன்னு நிரூபிக்க முடிஞ்ச ஒரே ஆளு..."

"பொறக்கவே பொறக்காத புரூஸ்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து செகண்டு."

"பண்ணேன்டி அம்மா!"

"ஒரு வரிய மாத்தணும்னா மாற்றக் குழு கூடணும். தலைவரு இருபது வருஷ சர்வீசுக்குக் கிடைச்ச நீண்ட லீவுல பொண்டாட்டியோட வண்டிவீட்ட இழுத்துக்கிட்டு நாட்டைச் சுத்தறாரு. இப்ப நல்லார்பார் பாலைவனத்துல எங்கியோ இருக்காராம். ஆயிரம் கிலோமீட்டருக்கு சிக்னல் கிடையாது. பிப்ரவரியில வருவாரு."

அப்போது நவம்பர்.

வியாழக்கிழமை அமைச்சர் வந்தார். கிராமத்து நிகழ்ச்சி என்பதால் புத்தம்புது அகன்ற தொப்பி போட்டிருந்தார். விலைச்சீட்டின் நூல் பின்னால் தொங்கியது. தலைமை இயக்குநர் ரோசலிண்ட் த்வெய்ட், வரிசையில் நின்ற இருபத்துநான்கு பேரையும் அமைச்சருக்கு 'எங்கள் ஆர்வமிக்க பயனாளிகள்' என்று அறிமுகம் செய்துவைத்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்தத் திட்டம் தொடங்கின நாலு நாள்ல ஒரு தவறான ஆள்கூட இங்கிருந்து ஒரு பிராணியக் கொண்டுபோகல. இது சாதனை."

கைதட்டல்.

"சரியான ஆளும் கொண்டுபோகலையே!" என்று வரிசையிலிருந்து ஒரு பூனைக்காரர் கத்தினார்.

"அதத்தான் நான் பாரபட்சமின்மைன்னு சொல்றேன்," என்றார் த்வெய்ட், முகம் மலர்ந்து. "பழைய முறையில டேரல் ஆளப் பாத்து, சிரிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துடுவாரு. அதுல மனுஷத்தனம் இருந்துச்சு. அத முழுசா நீக்கிட்டோம். இப்ப பணக்காரங்க, ஏழை, படிச்சவங்க, படிக்காதவங்க, எல்லாரையும் ஒரே மாதிரி யாருன்னே தெரியாம நடத்தறோம். வெளிய போன பிராணிதான் ஆபத்து. உள்ள இருக்கற பிராணியால எந்தப் புகாரும் வந்ததா வரலாறு இல்ல."

டேரல் தன் காலுறையைச் சரிசெய்துகொண்டார்.

செய்முறை விளக்கம் நடந்தது. மெரே பொத்தானை அழுத்தினாள். புரூஸ் சாம்பிள், புரூஸ் சாம்பிள். திரை பச்சையானது. கேமராக்கள் மின்னின. அமைச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நானும் அடிச்சுப் பாக்கறேன்!"

யாரும் தடுப்பதற்குள் மேல் கட்டத்தில் தன் பெயரை அடித்தார். கீழ்க் கட்டத்திலும் அடித்தார். திரை சிவந்தது. 'சமம் அல்ல.'

யாரோ ரொட்டியை மென்ற சத்தம் மட்டும் கேட்டது.

த்வெய்ட் கண்ணிமைக்கவில்லை. "பாத்தீங்களா? அமைச்சராவே இருந்தாலும் இந்த மெஷின் மயங்காது!"

அமைச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "இதத்தான் மக்கள் எதிர்பாக்கறாங்க. அதிகாரத்துல இருக்கறவன்கிட்ட, நீ யாருன்னு கேக்கற தைரியம்! தேர்தல்ல நான் ஒண்ணு சொன்னேன், பதவியில வேற ஒண்ணு செய்யறேன்னு எதிர்க்கட்சி பேசுது. ரெண்டும் வேற வேற ஆளுன்னு இப்ப அறிவியல்பூர்வமா நிரூபணம் ஆயிடுச்சு."

இந்த முறை கைதட்டல் அதிக நேரம் நீடித்தது. த்வெய்ட் அந்தச் சூட்டிலேயே அறிவித்தார்: "நாளையிலேர்ந்து தினமும் நூறு சோதனை! எந்தக் குழுவோட அனுமதியும் வேண்டாம். எந்தப் பேரா இருந்தாலும் சரி, எந்த எண்ணா இருந்தாலும் சரி. சோதிங்க, சோதிச்சுக்கிட்டே இருங்க!"

வரிசையில் நின்ற கிளெனிஸ் நிமிர்ந்து மெரேவைப் பார்த்தார். மெரே ஒரு தட்டில் மீந்த தொத்திறைச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி. மருத்துவரின் வெள்ளை வண்டி வந்து நிழலில் நின்றுவிட்டது. கிளெனிஸ் நேரே சமையலறைக்குப் போய், தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்த மெரேவின் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த புரூஸ் பயலுக்கு நாய் உண்டாடி?"

"உண்டு ஆன்ட்டி. சோதனை நாய். எண் ஒண்ணு."

"புரூஸுக்குப் பதிலா சோதனையில என் பேர எழுதினா?"

மெரே மெல்லுவதை நிறுத்தினாள்.

"மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை," என்றார் கிளெனிஸ். "நிரலுக்குள்ளயே. ஒரே கொக்கி. நாய் எண்ணுக்கு லாப்லாப் எண். எந்தப் பேரா இருந்தாலும் சரின்னு உங்க அம்மையாரே மைக்குல சொல்லிட்டாங்க."

"ஆனா அது வெறும் சோதனை ஆன்ட்டி. ரெக்கார்டுல நாய் உள்ளயேதான் இருக்கும்."

"ரெக்கார்டுல எங்க வேணா இருக்கட்டும். எனக்கு என் வண்டியில இருந்தாப் போதும்."

மெரே கையைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். மூன்று நாற்பதுக்கு அச்சு இயந்திரம் ஒரு பச்சைக் காகிதத்தைத் துப்பியது. 'சோதனை விடுவிப்பு. உரிமையாளர்: கிளெனிஸ் ட்ரான்டர். சமம்.'

கிளெனிஸ் அந்தக் காகிதத்தை ஒரு முறைதான் பார்த்தார். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. டேரல் போய், லாப்லாப்பை அழைத்துவந்து கயிற்றை அவர் கையில் கொடுத்தார். மருத்துவர் வண்டியிலிருந்து இறங்கி, பெட்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தார். லாப்லாப் அவருடைய பெட்டியையும் மோந்து பார்த்துவிட்டு நடந்தது.

வாயிற்காவலர் லெக்ஸ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோதனைன்னு போட்டிருக்கு. சோதனை நாய் எங்க?"

"இதோ."

"இது நெஜ நாய் மாதிரி இருக்கே?"

"அப்பத்தானே சோதனை ஒழுங்கா நடக்கும்," என்றாள் பின்னாலேயே ஓடிவந்த மெரே.

லெக்ஸுக்கு அது நியாயமாகப் பட்டது. காகிதம் பச்சை; பச்சை என்றால் கதவைத் திறக்க வேண்டும் என்பது விதி. திறந்துகொண்டே கேட்டார்: "சோதனை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு வந்துடுவீங்கல்ல?"

"கண்டிப்பா," என்றார் கிளெனிஸ். "எப்ப முடியும் மெரே?"

"எங்க தொழில்ல சோதனை எப்பவும் முடியறதில்ல."

கிளெனிஸின் வண்டி சாலையில் திரும்பியபோது மூன்று ஐம்பத்திரண்டு. மெரே திரும்பிப் பார்த்தாள். பூனைக்காரர் தலைமையில் இருபத்துமூன்று பேர் சமையலறை வாசலில் வரிசை மாறி நின்றிருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் காப்பகத்தில் டேரலையும் கொசுக்களையும் தவிர வேறு உயிர் இல்லை.

திங்கட்கிழமை த்வெய்ட் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். வெள்ளிக்கிழமை நடந்த இருபத்துநான்கு சோதனைகளும் நூற்றுக்கு நூறு வெற்றி. காப்பகத்தில் பதிவேட்டின்படி ஒரு கூண்டுகூடக் காலி இல்லை. ஆகவே உடனடியாக அறுபது புதிய கூண்டுகள் தேவை. மேலிடம் பாராட்டியது. கூண்டுகளுக்கு அடிக்கல் நாட்ட அமைச்சர் அதே தொப்பியோடு வந்தார். நூல் இன்னும் தொங்கியது.

இறுதி ஏற்பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்டுப்பார்த்தார். சோதனையில் இருக்கும் பிராணிக்கு ஊசி போடக் கூடாது என்று ஆர்மராட் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

டேரல் விதிப்படி தினமும் காலை ஏழு மணிக்கு இருபத்துநான்கு காலிக் கூண்டுகளில் இருபத்துநான்கு கிண்ணம் வைத்தார். மாலை ஐந்து மணிக்கு எடுத்தார். பதிவேட்டில் 'சாப்பிடவில்லை' என்று உண்மையை எழுதினார். பொய் எழுத அவருக்கு எப்போதுமே வராது.

மூன்றாவது வாரம் கிளெனிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த லாப்லாப்புக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

'அன்புள்ள கிளெனிஸ், கூண்டு பதினான்கில் உள்ள தங்கள் நாய் பத்தொன்பது நாட்களாக உணவைத் தொடவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். குரைப்பதும் இல்லை. வாலாட்டுவதும் இல்லை. தங்கள் பிரிவுத் துயரே காரணம் என்று எங்கள் வல்லுநர் குழு கருதுகிறது. மனிதாபிமான அடிப்படையில் தாங்கள் அதை நேரில் வந்து பார்க்கச் சிறப்பு அனுமதி வழங்கியுள்ளோம். வரும்போது, தாங்கள் தாங்களே என்பதைக் கணினியில் நிரூபிக்க வேண்டும்.'

"கேட்டியா? சாப்பிடவே மாட்டேங்கறியாமே," என்றார் கிளெனிஸ், இரண்டாவது தட்டுக் கொத்துக்கறியைக் கீழே வைத்தபடி.

லாப்லாப் முதலில் அந்தக் கையை மோந்து பார்த்தது. அதே கைதான். சாப்பிட ஆரம்பித்தது.